கார் ஸ்பேர் பார்ட்ஸ் ஆன்லைன் கடை: பொருட்களை வகை பிரிப்பது எப்படி?

ஆன்லைனில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்க இறங்குகிறவர்களில் பலர், அட்மின் பேனல் கைக்கு வந்ததும் மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா என்று வகைகளை உருவாக்கத் தொடங்குகிறார்கள். மாருதிக்குள் ஸ்விஃப்ட், ஸ்விஃப்டுக்குள் பிரேக், பிரேக்குக்குள் முன் பேட், பின் ஷூ. இருநூறு முந்நூறு பொருள் வரை இது நன்றாகவே ஓடும். சரக்கு ஆயிரங்களைத் தொட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கம்பெனி, கம்பெனிக்கு 8 மாடல், மாடலுக்கு 3 தலைமுறை, ஒவ்வொன்றுக்கும் 60 விதமான பார்ட் என்று வைத்தால் மொத்தம் 14,400 வகைகள். அவற்றில் பெரும்பாலானவை காலியாகக் கிடக்கும். மீதியில், ஒரே ஆயில் ஃபில்டரை இருபது இடத்தில் தனித்தனிப் பொருளாக ஏற்றியிருப்பீர்கள். ஓரிடத்தில் விலையை மாற்றினால் மற்ற பத்தொன்பதும் பழைய விலையிலேயே நிற்கும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். மெக்கானிக் வருவார்.

“அண்ணே, ஸ்விஃப்டுக்கு ஆயில் ஃபில்டர்.”

“பெட்ரோலா, டீசலா? எந்த வருஷம்?”

பதில் வந்ததும் கடைக்காரர் நேராக ஃபில்டர் ரேக்குக்குப் போவார். அந்தக் கடையில் ஸ்விஃப்டுக்கென்று தனி ரேக் இருக்காது. ஃபில்டருக்கு ஒரு ரேக், பேட்டுக்கு ஒரு ரேக், பேரிங்குக்கு ஒரு ரேக். வண்டி பற்றிய விவரம் அவர் தலைக்குள் இருக்கிறது, சரக்கு ரேக்கில் இருக்கிறது. ஆன்லைன் கடைக்கும் இதே அமைப்புதான் சரி. பொருள் என்ன என்பதை வகைப் பட்டியல் சொல்லட்டும். எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதை ஒரு தனி வண்டிப் பட்டியல் சொல்லட்டும். இரண்டையும் ஒரே மரத்தில் தொங்கவிடாதீர்கள். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறப்பவை.

படி 1: முதலில் எக்செல், பிறகுதான் இணையதளம்

கையில் இருக்கும் சரக்கையும், சப்ளையர்கள் அனுப்பிய விலைப்பட்டியல்களையும் ஒரே ஷீட்டில் கொட்டுங்கள். பொருளின் பெயர், பிராண்டு, பிராண்டின் பார்ட் நம்பர், கார் கம்பெனியின் ஒரிஜினல் பார்ட் நம்பர், எம்ஆர்பி, எச்எஸ்என் எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வேண்டும். ஒரிஜினல் பார்ட் நம்பர் நெடுவரிசையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வேலையில் பாதியை அதுவே செய்து கொடுக்கும்.

எப்படி என்றால், பெரிய கம்பெனிகளின் பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் பெரும்பாலும் பொருள் இன்னது என்பதைக் குறிக்கும். ஹூண்டாயில் 26300 என்று தொடங்கினால் ஆயில் ஃபில்டர். 28113 ஏர் ஃபில்டர், 97133 ஏசி கேபின் ஃபில்டர், 58101 முன் பிரேக் பேட். டொயோட்டாவில் 04465 முன் பிரேக் பேட், 17801 ஏர் ஃபில்டர், 90915 ஆயில் ஃபில்டர். மாருதி சுஸுகியில் 16510 ஆயில் ஃபில்டர், 13780 ஏர் ஃபில்டர். ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் வருவது எந்த மாடல், எந்த ரகம் என்பதற்கான குறியீடு. ஆக, இடப்பக்கம் ஐந்து இலக்கத்தை வெட்டி எடுக்கும் சூத்திரம் ஒன்று, “26300 என்றால் ஆயில் ஃபில்டர்” என்று சொல்லும் ஒரு சிறு அட்டவணை, இரண்டையும் இணைக்க, அட்டவணையில் தேடி எடுத்துத் தரும் எக்செல் சூத்திரமான வீலுக்கப் (VLOOKUP) ஒன்று. ஆயிரக்கணக்கான வரிகள் தாமாகவே வகை பிரிந்துவிடும். சப்ளையர் ஒருவர் ‘பிரேக் பேட் முன்’ என்றும், இன்னொருவர் ‘டிஸ்க் பேட் செட்’ என்றும் எழுதியிருந்தாலும் எண் ஒன்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஷீட்டில் பார்ட் நம்பரை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் டொயோட்டாவின் 04465 என்று தொடங்கும் எண், கோடு இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், முன்னால் உள்ள பூஜ்ஜியத்தை இழந்துவிடும். அதன் பிறகு முதல் ஐந்து இலக்கத்தை வெட்டினால் சம்பந்தமே இல்லாத எண் வரும். பிரேக் பேட் வேறெங்காவது போய் உட்காரும்.

படி 2: மேல்மட்ட வகைகள்

மேல்மட்டத்தில் பத்து முதல் பதினான்கு வகை போதும். மொபைலில் இரண்டு முறை விரலை நகர்த்தினால் முழுவதும் தெரிந்துவிட வேண்டும். நான் பரிந்துரைக்கும் அடுக்கு இது:

ஃபில்டர்கள்
ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட்
பிரேக்
சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்
கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில்
இன்ஜின்
கூலிங், ஏசி
எரிபொருள், சைலன்சர்
பேட்டரி, எலெக்ட்ரிக்கல்
லைட், பல்பு
வைப்பர்
பாடி, கண்ணாடி
வீல், பேரிங், டயர்
ஆக்சஸரீஸ்

இன்ஜினியரிங் பாடப்புத்தகப்படி பார்த்தால் ஃபில்டர்கள் தனி வகையாக வரக்கூடாது. ஆயில் ஃபில்டர் இன்ஜினைச் சேர்ந்தது, கேபின் ஃபில்டர் ஏசியைச் சேர்ந்தது, டீசல் ஃபில்டர் எரிபொருள் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் வாங்குகிறவர் அப்படி வாங்குவதில்லை. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது நாலு ஃபில்டரையும் சேர்த்தே எடுப்பார். எனவே ஃபில்டர்களை ஒன்றாக வைப்பதே முறை. வைப்பரும் அப்படித்தான்: பொருள் சிறியது, ஆனால் வண்டிச் சொந்தக்காரர் தானே தேடி, தானே வாங்கி, தானே மாட்டிக்கொள்ளும் சரக்கு அது. மெக்கானிக் வாங்கும் பொருள் இன்ஜினியரிங் முறைப்படி இருக்கட்டும். சொந்தக்காரர் வாங்கும் பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

‘மற்றவை’ என்ற வகையை மட்டும் உருவாக்காதீர்கள். எங்கே வைப்பது என்று தெரியாதபோதெல்லாம் கை அங்கேதான் போகும். ஆறு மாதத்தில் கடையின் பெரிய வகை அதுவாகத்தான் இருக்கும், அதற்குள் யாரும் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

படி 3: கிளை எந்த இடத்தில் முடிய வேண்டும்?

மூன்று நிலைக்கு மேல் போக வேண்டிய தேவை அநேகமாக வராது. பல பொருட்களுக்கு இரண்டே போதும். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: ஒரு வகைக்குள் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் ஒரே கேள்விகளைக் கேட்க முடிகிறதா?

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கில் வரும் பேடுக்குக் கேட்க வேண்டியவை: முன்னா பின்னா, தேய்மான சென்சார் உண்டா, செட்டில் எத்தனை. டிரம் பிரேக்கில் வரும் ஷூவுக்கு: டிரம் விட்டம் என்ன, லைனிங் ஒட்டியதா ரிவெட் அடித்ததா. மாஸ்டர் சிலிண்டருக்கு: துளை விட்டம் என்ன, ஏபிஎஸ் உள்ளதற்கா இல்லாததற்கா. கேள்விகள் மாறுகின்றன, ஆகவே பேட், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் மூன்றும் தனித்தனி வகை. டிஸ்க், டிரம், காலிபர், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவையும் அப்படியே.

ஆனால் முன் பேடையும் பின் பேடையும் பிரித்து இரண்டு வகையாக்கத் தேவையில்லை. கேள்விகள் ஒன்றுதான், பதில் மட்டும் வேறு. பதில் மாறுவதற்கெல்லாம் இணையதளத்தில் பொருட்களைச் சலித்துக் காட்டும் ‘ஃபில்டர்’ வசதி போதும், வகை வேண்டாம். புதிதாகக் கடை அமைப்பவர்கள் தேவையில்லாமல் கிளை பிரிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சஸ்பென்ஷனிலும் இதே கதை. ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்டிங், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், லிங்க் ராட், புஷ், காயில் ஸ்பிரிங், டை ராட் எண்ட், ரேக் எண்ட், ஸ்டீயரிங் ரேக். பத்துப் பன்னிரண்டு வகைகளோடு இது முடிந்துவிடும். லெஃப்ட், ரைட் என்று பிரிக்க ஆரம்பித்தால்தான் முடிவே இருக்காது.

படி 4: வகையாக்கக் கூடாதவற்றைப் பண்புகளாக்குங்கள்

ஒவ்வொரு பொருளோடும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டிய பண்புகள் இவை: முன் அல்லது பின், லெஃப்ட் அல்லது ரைட், பிராண்டு, கம்பெனி ஒரிஜினலா ஆஃப்டர்மார்க்கெட்டா (பார்ட் தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பதா), விற்கும் அலகு, எச்எஸ்என் எண், உற்பத்தி நாடு.

லெஃப்ட், ரைட் விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊரில் டிரைவர் சைடு என்றால் வலப்பக்கம். அமெரிக்க கேட்லாக்கில் இருந்து விவரத்தை எடுத்தால் அங்கே டிரைவர் சைடு இடப்பக்கம். ‘டிரைவர் சைடு ஹெட்லைட்’ என்று அப்படியே ஒட்டினால் பார்சல் திரும்பி வருவது உறுதி. எப்போதும் ‘வலம் ஆர்எச்’, ‘இடம் எல்எச்’ என்றே எழுதுங்கள். அதுவும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் வலம், இடம் என்று பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விற்கும் அலகும் சண்டையை வரவழைக்கும் விஷயம். முன் பிரேக் பேட் வழக்கமாக இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு துண்டு ஒரு செட். ஷாக் அப்சார்பரைச் சிலர் ஒற்றையாக விற்பார்கள், சிலர் ஜோடியாக. விலைக்குப் பக்கத்தில் ‘1 செட், 4 துண்டு’ அல்லது ‘1 மட்டும்’ என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

எச்எஸ்என் எண்ணை வைத்து வகை பிரிக்கலாமே என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். வேண்டாம். பிரேக் பேடும் ரேடியேட்டரும் பம்பரும் 8708 என்ற தலைப்புக்குள் வரும். ஆயில் ஃபில்டர் 8421, ஸ்பார்க் பிளக் 8511, ஹெட்லைட் 8512, பேட்டரி 8507 என்று சிதறும். அது வரிக்கான பிரிப்பு, வாங்குகிறவருக்கானது இல்லை. பண்பாகப் பதிவு செய்தால் பில் போடும்போது தானாக வந்து நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஆகிவிட்டது. முன்பு பல பொருட்கள் 28 சதவீதத்தில் இருந்தன. சப்ளையரின் பழைய ஷீட்டில் இன்னும் 28 என்று இருந்தால் ஏற்றுவதற்கு முன் திருத்திக்கொள்ளுங்கள்.

உற்பத்தி நாடு என்பது விருப்பப்பட்டால் எழுதும் விவரம் அல்ல. ஆன்லைனில் விற்கும் பொருளுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம்.

ஒரிஜினல், ஆஃப்டர்மார்க்கெட் விஷயத்தில் நேர்மையாக இருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பிரேக்ஸ் இந்தியா, ரானே, லூகாஸ் டிவிஎஸ் போன்ற கம்பெனிகள் கார் தயாரிப்பாளர்களுக்கும் சப்ளை செய்கின்றன, தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. அந்தப் பெட்டியில் வருவது நல்ல சரக்குதான், ஆனாலும் அதைக் ‘கம்பெனி ஒரிஜினல்’ என்று போடக்கூடாது. கார் கம்பெனியின் பெட்டியில் வந்தால் மட்டுமே அந்தப் பெயர். சென்னைப் புதுப்பேட்டைப் பாணியில் வண்டியில் இருந்து கழற்றிய பழைய பார்ட்ஸும் விற்பதாக இருந்தால் அதை ஒரு பண்பாக விடாமல், கடைக்குள் தனிப் பிரிவாகவே வையுங்கள். புதிய ஆல்டர்நேட்டருக்குப் பக்கத்தில், பாதி விலையில், கழற்றிய ஆல்டர்நேட்டர் நிற்பது வாங்குகிறவரைக் குழப்பும்.

படி 5: வண்டிப் பட்டியல்

இதுதான் கடையின் உயிர். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை: கம்பெனி, மாடல், தலைமுறை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, இன்ஜின், எரிபொருள், கியர்பாக்ஸ். ஸ்விஃப்டை வைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் 2005 மே மாதம் வந்தது, 1.3 லிட்டர் பெட்ரோல். 2007-இல் 1.3 டீசல் சேர்ந்தது. 2010-இல் பெட்ரோல் இன்ஜின் 1.2 லிட்டர் கே சீரிஸுக்கு மாறியது, ஆனால் வண்டியின் உடல் பழையதுதான். 2011 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை. 2018 பிப்ரவரியில் மூன்றாம் தலைமுறை. 2020-இல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் நின்றுபோனது. 2021-இல் டூயல்ஜெட் இன்ஜின். 2024 மே மாதம் நான்காம் தலைமுறை, மூன்று சிலிண்டர் இன்ஜின்.

ஆக, ‘2010 ஸ்விஃப்ட் பெட்ரோல்’ என்று ஒருவர் சொன்னால் அது 1.3-ஆகவும் இருக்கலாம், 1.2-ஆகவும் இருக்கலாம். பம்பர் இரண்டுக்கும் ஒன்றுதான், இன்ஜின் பாகம் வேறு. இதனால்தான் தலைமுறையையும் இன்ஜினையும் தனித்தனி நெடுவரிசையில் வைக்கச் சொல்கிறேன். பாடி பார்ட்டைத் தலைமுறையோடு இணையுங்கள், இன்ஜின் பார்ட்டை இன்ஜினோடு இணையுங்கள். மார்க்கெட்டில் ‘டைப் 1, டைப் 2’ என்று சொல்வார்கள். தேடுவதற்கு அந்தச் சொல் இருக்கட்டும், ஆனால் அதையே அடையாளமாக நம்பாதீர்கள். ஃபேஸ்லிஃப்டையும், அதாவது அதே தலைமுறைக்குள் செய்யும் சிறு தோற்ற மாற்றத்தையும், ஒரு டைப்பாக எண்ணுகிறவர்கள் உண்டு. விற்பனையாளருக்கு விற்பனையாளர் எண்ணிக்கை மாறும்.

வருடம் மட்டும் போதாது என்பதற்கு டிசையர் நல்ல உதாரணம். புதிய தலைமுறை வந்த பிறகும் பழைய உடலை ‘டூர்’ என்ற பெயரில் டாக்ஸிக்காரர்களுக்கு மாருதி தொடர்ந்து விற்றது. ஒரே வருடத்தில் தயாரான இரண்டு டிசையருக்கு இரண்டு வேறு ஹெட்லைட் இருக்கும். டாக்ஸி ஓட்டுகிறவருக்குத் தவறான பார்ட் போனால் ஒரு நாள் வருமானம் போகும். அவர்தான் பார்ட்ஸ் அதிகம் வாங்குகிறவரும். ‘டூர்’ என்பதைத் தனி வரியாகவே போடுங்கள்.

பெலினோவில் பின்சக்கரத்துக்கு டிரம். அதே உடலோடு 2017-இல் வந்த பெலினோ ஆர்எஸ்ஸில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். பெலினோ என்று மட்டும் எழுதி பின் பிரேக் ஷூவை இணைத்தால் ஆர்எஸ் வைத்திருப்பவருக்கு உதவாத பொருள் போய்ச் சேரும்.

ஹூண்டாய் ஐ10 இன்னொரு கோணம். 1.1 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட், 1.2 கப்பா இன்ஜினில் டைமிங் செயின். ‘ஐ10 டைமிங் பெல்ட்’ என்று பொதுவாகப் போட்டால், பெல்ட்டே இல்லாத வண்டிக்குப் பெல்ட் ஆர்டர் வரும். இன்ஜின் நெடுவரிசை நிரப்பப்படாத வரை டைமிங் பாகங்களை வெளியிடக் கூடாது என்று ஒரு விதியே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு: ஒரு பொருள், பல கம்பெனி வண்டி. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஃபியட் புன்டோ, லீனியாவில் மட்டும் இல்லை. மாருதியில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா, டாடாவில் இண்டிகா விஸ்டா, மான்ஸா, ஸெஸ்ட் என்று பல வண்டிகளில் ஓடியது. இன்ஜினுக்குள் இருக்கும் பல பாகங்கள் இவற்றுக்குள் பொதுவானவை. மாருதி மரத்துக்குள் மட்டும் அந்தப் பொருளை வைத்தால் டாடா வண்டிக்காரர் கண்ணில் படவே படாது. வண்டிப் பட்டியல் தனியாக இருந்தால் ஒரே பொருளோடு பத்து வரியை இணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனாலும் இன்ஜின் ஒன்று என்பதால் எல்லாமே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்விஃப்டில் இருந்தது 75 பிஎஸ் (குதிரைத்திறன்) ரகம். எர்டிகாவில் 90 பிஎஸ். டர்போ வேறு. பொருத்தத்தைப் பொருள்வாரியாகத்தான் உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிராண்டின் அதிகாரப்பூர்வக் கேட்லாக்கும் ஒரிஜினல் பார்ட் நம்பரும்தான் ஆதாரம்.

வாங்குகிறவர் தன் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘மாடல் வருடம்’ என்று கேட்காதீர்கள். ‘ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதம், வருடம்’ என்று கேளுங்கள். 2017 டிசம்பரில் தயாரித்து 2018 பிப்ரவரியில் பதிவான வண்டியை எல்லோரும் ‘2018 மாடல்’ என்றே சொல்வார்கள். அது ஸ்விஃப்டாக இருந்தால், உடல் இரண்டாம் தலைமுறை. சேஸிஸ் நம்பர் கேட்கும் வசதியும் வையுங்கள். 17 இடம் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. யாராவது ஓ என்று அடித்தால் அது பூஜ்ஜியம்தான் என்று மென்பொருளே திருத்திக்கொள்ளலாம். முதல் மூன்று இடம் தயாரிப்பாளரைச் சொல்லும்: எம்ஏ3 என்றால் மாருதி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏடி (MAT) டாடா.

அமெரிக்காவில் இந்தப் பொருத்த விவரங்களைப் பரிமாற ஆட்டோ கேர் அசோசியேஷன் பராமரிக்கும் ஏசஸ் என்ற தரவு முறை உண்டு. பொருளின் எடை, அளவு, படம் போன்ற விவரங்களுக்கு பைஸ் என்று இன்னொரு முறை. ஐரோப்பாவில் ஜெர்மனியின் டெக்அலையன்ஸ் நடத்தும் டெக்டாக் பிரபலம். ஏசஸிலும் டெக்டாக்கிலும் அடிப்படை ஒன்றுதான்: பொருள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், நடுவில் இணைப்பு. சிறிய கடைக்கு இவற்றின் சந்தா தேவைப்படாமல் போகலாம். ஆனால் நெடுவரிசைகளை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்வது வீண்போகாது.

படி 6: இரண்டு இடம் கேட்கும் பொருட்கள்

ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் கூலிங்கா, எலெக்ட்ரிக்கலா? கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கிளட்சா, பிரேக்கா? ஏபிஎஸ் சென்சார்? இப்படிப் பட்டவை ஐம்பது அறுபது வரும். விதி எளியது. பழுது எங்கே தெரிகிறதோ அங்கே வையுங்கள். இன்ஜின் சூடாகிறது என்றுதான் ஃபேன் மோட்டாரைத் தேடி வருவார்கள், எனவே கூலிங். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கிளட்சில். ஏபிஎஸ் சென்சார் பிரேக்கில். ஒவ்வொரு பொருளுக்கும் முதன்மை இடம் ஒன்றுதான். இரண்டாவது இடத்தில் அதே பொருளைக் காட்டலாம், ஆனால் இரண்டாவது பொருளாக ஏற்றக் கூடாது. எடுத்த முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். நாளை புதிதாக வேலைக்குச் சேரும் பையன் அதைப் பார்த்து ஏற்றுவான்.

செட்டாக வருபவற்றுக்குத் தனி வகை கொடுங்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த ‘கிளட்ச் செட்’ என்பது பிளேட்டின் ஒரு ரகம் இல்லை. கியர்பாக்ஸை இறக்கும் கூலியே பெரிது என்பதால் பெரும்பாலோர் செட்டாகத்தான் மாற்றுவார்கள். அதைத் தனிப் பிளேட்டுக்கு மேலே காட்டுங்கள்.

படி 7: பெயரும் தேடலும்

வகையின் பெயர் ஒன்றாக இருக்கட்டும். தேடும் சொற்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாதிப் பேர் செல்ஃப் மோட்டார் என்பார்கள். ஆல்டர்நேட்டர் நம் ஷெட்டுகளில் இன்றும் டைனமோதான். இவற்றைத் தேடல் இணைச்சொற்களாகக் கொடுங்கள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும்.

பார்ட் நம்பரைக் கோடு போட்டும் போடாமலும் தேடுவார்கள். 26300-35503, 2630035503 இரண்டுக்கும் ஒரே பொருள் வர வேண்டும். கம்பெனிகள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதையும் மறக்காதீர்கள். இந்த எண்ணே பிறகு 35504 என்று முடியும் எண்ணாக மாறியது. மெக்கானிக்கின் கையில் இருக்கும் பழைய பெட்டியில் பழைய எண்தான் இருக்கும், ஆகவே பழைய எண்களை நீக்காமல் தேடலுக்குள் வைத்திருங்கள்.

படி 8: மென்பொருளில் ஏற்றுவது

ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருட்களில் வூகாமர்ஸ், ஷாப்பிஃபை இரண்டையும் பார்ப்போம். வூகாமர்ஸில் வகைகளை அடுக்கடுக்காக அமைக்கலாம். எக்செல் ஷீட்டைச் சேமித்து ஏற்றும் சிஎஸ்வி கோப்பில் தாய் வகைக்கும் கிளை வகைக்கும் நடுவில் ‘>’ குறி போட்டால் அது தானாகவே அடுக்கைப் புரிந்துகொள்ளும். பல வகைகளைப் பிரிக்க அது கமாவைப் பயன்படுத்துவதால், வகையின் பெயரில் கமா வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நான் எழுதிய ‘கூலிங், ஏசி’ என்பதைக் ‘கூலிங் மற்றும் ஏசி’ என்று மாற்றி ஏற்றுவது நல்லது. முன், பின், பிராண்டு போன்ற பண்புகளை அட்ரிபியூட்டாக உருவாக்குங்கள். டேக் பக்கமே போகாதீர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதற்கு வேலை இல்லை.

ஷாப்பிஃபையில் வகைகளுக்குப் பதிலாக வரும் கலெக்ஷன்களுக்குள் தாய், கிளை உறவு கிடையாது. எல்லாம் ஒரே தளத்தில் இருக்கும். மெனுவில்தான் மூன்று நிலை வரை அடுக்கிக் காட்ட முடியும். பொருளின் பண்பைப் பார்த்துத் தானாகச் சேர்க்கும் கலெக்ஷன்களைப் பயன்படுத்தினால் கைவேலை குறையும். வண்டித் தேர்வுக்கு இரண்டு தளங்களிலும் தனியாக ஒரு செருகுநிரல் தேவைப்படும். வாங்குவதற்கு முன், ஒரு பொருளோடு நூறு வண்டி வரிகளை இணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

பொருளின் யூஆர்எல்லில் வகையின் பெயர் வராதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். வந்தால், பொருளை வேறு வகைக்கு நகர்த்தும் ஒவ்வொரு முறையும் முகவரி மாறும், கூகுளில் இருந்து வருகிறவர் காலிப் பக்கத்தில் போய் நிற்பார். அப்படி மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் 301 திருப்பிவிடுதலை மறக்க வேண்டாம்.

படி 9: திறப்பதற்கு முன் ஒரு சோதனை

தெரிந்த மெக்கானிக் ஒருவரையும், கார் மட்டும் ஓட்டத் தெரிந்த நண்பர் ஒருவரையும் உட்கார வையுங்கள். தேடல் பெட்டியை மறைத்துவிட்டு, வகைகளின் வழியாகவே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: எர்டிகா டீசலுக்கு லிங்க் ராட், பழைய சான்ட்ரோவுக்கு கிளட்ச் கேபிள், ஸ்விஃப்டுக்குப் பின் பிரேக் பேட். கடைசியில் சொன்னது வேண்டுமென்றே வைத்தது. இந்திய ஸ்விஃப்டில் பின்னால் டிரம் பிரேக், பேட் கிடையாது. அந்த நண்பர் பேட் பக்கத்தில் வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் ‘பொருள் இல்லை’ என்ற வெற்றுச் செய்தி வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். ‘இந்த வண்டியின் பின்சக்கரத்துக்கு பிரேக் ஷூ வரும்’ என்று சொல்லி அங்கே கூட்டிப்போக வேண்டும். பக்கத்தில் நின்று வழி சொல்லாதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எந்த வகையைத் தப்பாகத் திறக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடை திறந்த பிறகு வாரம் ஒருமுறை இரண்டு பட்டியலைப் பாருங்கள். ஒன்று, தேடி எதுவும் கிடைக்காமல் போன சொற்கள். அவற்றில் பாதி உங்களிடம் இருக்கும் பொருளாகவே இருக்கும், பெயர்தான் வேறு. இணைச்சொல்லில் சேர்த்துவிட்டால் முடிந்தது. மற்றது, திரும்பி வந்த பார்சல்கள். திருப்பி அனுப்பியதற்கான காரணத்தை ‘பொருந்தவில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் பதியாமல், வண்டி வேறா, இன்ஜின் வேறா, பக்கம் வேறா, அலகு வேறா என்று பிரித்துப் பதியச் சொல்லுங்கள். ‘இன்ஜின் வேறு’ என்று வந்தால் வண்டிப் பட்டியலில் அந்த வரியை அன்றே திருத்துங்கள். திருத்தி முடிக்கும் வரை அந்தப் பொருளை விற்பனையில் இருந்து இறக்கி வையுங்கள்.